மாமாவுக்குப் பிடித்தது எது?

அந்த நான்கு மாடிக் குடியிருப்பில் மிளகு என்றால் எல்லாருக்கும் தெரியும். வயது பத்து. ஆள் சின்னது, பேச்சு காரம். அதனால்தான் அந்தப் பெயர்.

நூறுகுரல் மாமாவையும் எல்லாருக்கும் தெரியும். குடியிருப்புக்கு மட்டுமில்லை, ஊருக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வானொலியைத் திருப்பினால் அவர் குரல்தான் வரும். குரல் என்றா சொன்னேன்? குரல்கள்! காகம் கத்தும், ரயில் கிளம்பும், குழந்தை அழும், அதைப் பாட்டி சமாதானப்படுத்துவார். எல்லாம் ஒரே வாயிலிருந்து!

அந்த மாமா போன மாதம் இறந்துபோனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வானொலியை யாருமே போடவில்லை.

"மாமாவை நினைச்சு நாளைக்குச் சாயங்காலம் முற்றத்துல எல்லாரும் ஒண்ணா உக்காருவோம்" என்றார் மிளகின் அம்மா. அவர்தான் குடியிருப்பின் செயலாளர். "பெரிய பாத்திரத்துல ஒரே ஒரு பண்டம் சமைப்போம். மாமாவுக்கு ரொம்பப் பிடிச்சதா இருக்கணும். எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவோம். என்ன சொல்றீங்க?"

எல்லாரும் தலையாட்டினார்கள். சண்டை அதற்குப் பிறகுதான் வந்தது.

"அப்போ உருளைக்கிழங்கு வறுவல்தான்" என்றார் இரண்டாம் மாடி டிரைவர் அக்கா. நகரப் பேருந்து ஓட்டுபவர். "புதன்கிழமை ஆனா மாமா என் வீட்டுல ஆஜர். 'இந்த வறுவலுக்கு ஈடு உலகத்துலயே இல்லை'ன்னு சொல்வார்."

"அப்படியா?" என்றார் மூன்றாம் மாடித் தச்சர். "என் ஆம்லெட்டைச் சாப்பிட்டுட்டும் அதையேதான் சொன்னார். இதுக்கு ஈடு உலகத்துலயே இல்லையாம்!"

முதல் மாடி மருந்துக்கடை சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மன்னிக்கணும். அவர் அப்படிச் சொன்னது என் எலுமிச்சை கேக்கைப் பத்தி."

ஆனால் மிளகுக்கு உண்மையான விஷயம் தெரியும். அவள் தானே முதன்முதலாகச் செய்த கேரட் சூப்பை மாமா இரண்டு கிண்ணம் குடித்தார். குடித்துவிட்டு, 'இதுக்கு ஈடு உலகத்துலயே இல்லை' என்று சொன்னார். ஆக, மாமாவுக்குப் பிடித்தது கேரட் சூப். இதில் என்ன சந்தேகம்?

பேச்சு வளர்ந்தது. "மாமா பொய் சொல்வாரா?" என்றார் டிரைவர் அக்கா. "அப்போ நான் பொய் சொல்றேனா?" என்றார் தச்சர். படிக்கட்டில் தினமும் சிரித்துப் பேசிக்கொள்கிற இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"இப்படியே போனா ஒண்ணும் வேண்டாம். எல்லாத்தையும் நிறுத்திடலாம்" என்று அம்மா கையை விரித்தார்.

"அம்மா, அத்தையைக் கேட்டா தெரிஞ்சிடுமே!" என்றாள் மிளகு. அத்தை என்றால் நூறுகுரல் மாமாவின் மனைவி.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கத்தில் இருப்பவரிடம் இதைப் போய் யார் கேட்பது?

"நான் கேட்கிறேன்" என்றாள் மிளகு.

தரைத்தளத்தில் கடைசி வீடு. அத்தை கதவைத் திறந்தார். மேஜையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் பிரித்துக் கிடந்தது. சமையலறை அடுப்பு துடைத்து வைத்ததுபோல் பளபளவென்று இருந்தது.

"அத்தை, நீங்க சமைக்கலையா?"

"ஒருத்திக்கு என்ன சமையல்? ரொட்டி இருக்கு, போதும்" என்றார் அத்தை. "நீ எதுக்கு வந்தே, அதைச் சொல்லு."

மிளகு எல்லாவற்றையும் சொன்னாள். சண்டையையும் சேர்த்துத்தான். அத்தை ரொட்டிப் பொட்டலத்தை மெல்ல மடித்து வைத்தார்.

"அவருக்குப் பிடிச்சது எதுன்னு எனக்கே தெரியாது கண்ணு" என்றார் கடைசியில். "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி அவருக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதோட வாசனையும் போச்சு, ருசியும் போச்சு. திரும்பி வரவே இல்லை. ரொட்டியைக் கொடுத்தாலும் ரப்பரைக் கொடுத்தாலும் அவர் நாக்குக்கு ஒண்ணுதான். யார்கிட்டயும் சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டார். இன்னைக்கு உன்கிட்ட ஏன் சொன்னேனோ, தெரியல."

மிளகுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"அப்போ என் கேரட் சூப்பு?"

"அது அடிப்பிடிச்சிருந்ததாமே? உங்க அம்மா சொன்னாங்க."

"கொஞ்சமாத்தான்" என்றாள் மிளகு. கண்ணில் நீர் முட்டியது. "மாமா சும்மா சொன்னாரா? அப்புறம் எதுக்கு ரெண்டு கிண்ணம் குடிச்சார்?"

அத்தை அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். ஒற்றைக் காலில் நின்று, உதட்டைக் கடித்து, கண்ணை உருட்டி, கற்பனைக் கரண்டி ஒன்று மேலே போகும்போது தானும் மேலே பார்த்தார், கீழே வரும்போது கீழே பார்த்தார். அப்புறம் கீச்சுக் குரலில், "எப்படி மாமா இருக்கு? எப்படி மாமா இருக்கு?" என்றார்.

மிளகுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவளேதான்! அதே குரல்!

"வீட்டுக்கு வந்து இப்படித்தான் உன்னை நடிச்சுக் காட்டினார். 'அந்தக் குட்டி நின்ன நிற்பைப் பார்த்தா நாலு கிண்ணம் குடிக்கலாம்'னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். எந்த வீட்டுக்குப் போனாலும் வந்து எனக்குச் செஞ்சு காட்டணும் அவருக்கு. இல்லாட்டி தூக்கம் வராது. பார்த்துப் பார்த்து எனக்கும் பழகிப்போச்சு."

"டிரைவர் அக்கா மாதிரியும் வருமா அத்தை?"

வந்தது. தச்சரும் வந்தார். மருந்துக்கடை சார் வந்தபோது மிளகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தையும் சிரித்தார். சிரித்துவிட்டு, யாரோ வேறொருவர் சிரித்த மாதிரி திரும்பிப் பார்த்தார்.

"இதை நாளைக்கு முற்றத்துல செய்றீங்களா?"

"ஐயையோ! நான் மேடை ஏறினதே இல்லை."

"மேடை எங்க அத்தை இருக்கு? அடுப்புதான் இருக்கும்."

அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. மிளகுக்கு அது போதும்.

வெளியே வந்தால், படிக்கட்டில் எல்லாரும் காத்திருந்தார்கள். "என்ன சொன்னாங்க? எது?" என்று நாலு பக்கமும் கேள்வி.

'கேரட் சூப்' என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. சொல்லலாமா என்று ஒரு நொடி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அது பொய். உண்மையைச் சொன்னாலோ, டிரைவர் அக்காவின் முகமும் தன் முகத்தைப் போலவே சுருங்கிவிடும். அதோடு, அது மாமாவின் ரகசியம்.

"அத்தை நாளைக்கு வர்றாங்க. அவங்களே காட்டுவாங்க" என்றாள் மிளகு. "ஆனா ஒண்ணு. பெரிய பாத்திரம் வேண்டாம். அவங்கவங்க அடுப்பை முற்றத்துக்குக் கொண்டு வாங்க. மாமா பக்கத்துல உக்கார்ந்திருந்தா எப்படிச் சமைப்பீங்களோ, அப்படியே சமைங்க."

"சொல்ல மாட்டாங்களாம், காட்டுவாங்களாமா?" என்று குழம்பினார் மருந்துக்கடை சார். ஆனாலும் மறுநாள் சாயங்காலம் மாவை எடைபோடும் தராசோடு முதல் ஆளாக வந்து நின்றவர் அவர்தான்.

முற்றத்தில் வரிசையாக அடுப்புகள் எரிந்தன. தச்சரும் டிரைவர் அக்காவும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றார்கள். அத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

தச்சர் ஆம்லெட்டைத் திருப்பத் தயாரானார். "ஒண்ணு, ரெண்டு, மூணு!" ஆம்லெட் பறந்தது. பாதி சட்டியில் விழுந்தது, பாதி தரையில் விழுந்தது.

தச்சர் வாயைத் திறப்பதற்குள் அவர் குரலே நாற்காலியிலிருந்து கேட்டது.

"என் அளவு சரிதான்! சட்டிதான் கோணல்!"

முற்றமெங்கும் சிரிப்பு வெடித்தது. தச்சர் சட்டியைப் பிடித்தபடி, "நான் அப்படியா பேசறேன்?" என்றார்.

"அப்படியேதான்!" என்றார் டிரைவர் அக்கா, முதுகைத் திருப்பிக்கொண்டதை மறந்து.

அத்தை இப்போது அக்கா பக்கம் திரும்பினார். கரண்டியால் எண்ணெய்ச் சட்டியைக் கிளறுவதுபோல் கையை ஆட்டினார். "உள்ளே போ, உள்ளே போ! நடுவுல அவ்வளவு இடம் இருக்கு, எல்லாரும் ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கிறீங்களே!"

"அடக் கடவுளே! நான் உருளைக்கிழங்குகிட்ட பேசறது மாமாவுக்குக் கேட்டுச்சா!" அக்கா முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சிரிப்பா, அழுகையா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும்தான்.

அடுத்து மருந்துக்கடை சார் கேக்கை வெட்டினார். அத்தை அவர் குரலிலேயே, "சாப்பாட்டுக்குப் பின் ஒரு துண்டு. குணமாகலைன்னா இன்னொரு துண்டு" என்றார். சார் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணாடியை இல்லை.

"ஒவ்வொரு வீட்டுலயும் அவருக்கு ஒண்ணு ரொம்பப் பிடிக்கும்" என்றார் அத்தை, தன் சொந்தக் குரலில். "அது எதுன்னு இப்போ தெரிஞ்சுதா?"

தச்சர் பாதி ஆம்லெட்டை ஒரு தட்டில் எடுத்து டிரைவர் அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கிக்கொண்டு, தட்டு நிறைய வறுவலைத் திருப்பிக் கொடுத்தார்.

மிளகு அத்தைக்கும் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுத்தாள். அத்தை ஒரு துண்டு உருளைக்கிழங்கை வாயில் போட்டு மென்றார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உப்பு கம்மி" என்றார் அத்தை.

டிரைவர் அக்கா திகைத்துப்போனார். "மாமா ஒரு நாளும் அப்படிச் சொன்னதே இல்லையே!"

"அவர் சொல்ல மாட்டார். நான் சொல்வேன்."

அக்கா ஒரு கணம் அத்தையையே பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "சரி! புதன்கிழமை நீங்களே வாங்க. பக்கத்துல உக்கார்ந்து உப்புப் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

அத்தை இன்னொரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு வரணும்?"