ஏழாம் சுழலி

சங்குமுனையில் விடிந்ததும் முதல் வேலை, கரையில் கிடக்கும் வள்ளங்களின் அடியைத் தடவிப் பார்ப்பது. பல் துலக்குவதெல்லாம் அப்புறம். எந்த வள்ளம் ஈரமாக இருக்கிறதோ, அதற்கு உரியவன் திருட்டுத்தனமாகக் கடலுக்குப் போயிருக்கிறான் என்று அர்த்தம். பனி ஈரம் என்று சொல்லித் தப்ப முடியாது. விரலை நக்கிப் பார்த்துவிடுவார்கள்.

கடலடியில் ஒன்பது நீரோட்டச் சுழலிகள் நின்றன. டர்பைன் என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரியும். ஊரின் விளக்கும், உப்பு நீக்கிய குடிதண்ணீரும் அவற்றால்தான். அதற்கு ஈடாக ஊர் மீன்பிடிப்பை விட்டுக்கொடுத்திருந்தது. கடல்விடுப்பு என்று அதற்குப் பெயர். வலை ஏதாவது ஒரு சுழலியில் சிக்கினாலும் ஒன்பதையும் நிறுத்துவார்கள்; மூன்று நாளைக்கு மின்சாரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. வலை போட்டவனை ஊர் விலக்கி வைக்கும்.

நான்கு மாதத்துக்கு முன் ஏழாம் சுழலி நின்றபோது ஈரமாக இருந்தது தொம்மையின் வள்ளம். தடவிப் பார்த்துச் சொன்னவள் அவனுடைய தங்கை கித்தேரி. "கடத்தண்ணியில கழுவுனேன், தங்கச்சி" என்று அவன் கெஞ்சியது அவள் காதில் ஏறவில்லை. அன்றிலிருந்து அவன் உடைமரக்காட்டு ஓரம் தனியாகக் கிடந்தான்.

நேற்று மறுபடி மின்சாரம் போனது. மறுபடி ஏழாம் சுழலி, மறுபடி வலை என்றது சுழலிகளை நடத்தும் நிறுவனம். ஊர் யோசிக்கவே இல்லை. தொம்மையை இந்தக் கரையைவிட்டே துரத்த இன்று மாலை கூட்டம் என்று முடிவு செய்தார்கள். வழக்கமாக முக்குளிப்பவருக்குக் காய்ச்சல். அதனால் பாசி எடுத்துப் பழகிய கித்தேரியை வலையை எடுக்க இன்று காலையில் கடலுக்குள் இறக்கினார்கள்.

கீழே வலை இல்லை. இறக்கைக்கும் தூணுக்கும் நடுவில், பாறையிலும் படகடியிலும் ஓடாக ஒட்டி வளரும் கொட்டலசு முளைத்து, இரண்டையும் கல்லாக ஒட்டியிருந்தது. பாறையில் கொட்டலசு எவ்வளவு நாளில் எவ்வளவு வளரும் என்று அவளுக்குத் தெரியும். இது ஆறு மாதத்துக்குக் குறையாது. நான்கு மாதத்துக்கு முன் அண்ணன் இதை எப்படி நிறுத்தியிருக்க முடியும்? ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு மேலே வந்தாள்.

படகில் இருந்த நிறுவனத்துப் பொறியாளர் அதைப் பார்த்தார். முகம் மாறவில்லை.

"கூட்டத்துல வலைன்னே சொல்லுங்கம்மா. மெஷினே சரியில்லன்னு போச்சுன்னா திட்டத்தையே மூடிருவாங்க. அப்புறம் குடிக்கத் தண்ணிக்கு எங்க போவீங்க?"

சாக்கைப் பிரித்து நைந்த வலை ஒன்றை அவள் காலடியில் போட்டார். கையோடு கொண்டுவந்திருந்தார்.

மாலைக் கூட்டத்தில் கித்தேரி கட்டியைத்தான் வைத்தாள்.

"வலை இல்ல. ஏழாஞ் சுழலி ஆறு மாசமா சுத்தவே இல்ல. எங்கண்ணன் மேல நான் சொன்னது அநியாயப் பழி."

குடங்கள் காலியாகக் கிடந்தன. ஒருத்தி கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். கூட்டத்திலிருந்து கித்தேரியின் புருஷன் இன்னாசி எழுந்து வந்தான். பக்கத்தில் நிற்பான் என்று நினைத்தாள். அவன் குனிந்து, மெதுவாகக் கேட்டான்.

"இப்பிடிச் சொல்ல ஒங்கண்ணன் எவ்வளவு மீன் குடுத்தான்?"

வள்ளம் ஏன் ஈரம் என்று தொம்மையிடம் அன்று அவளும் இதே குரலில்தான் கேட்டிருந்தாள்.