எண்பது ஜிபியைத் தின்றது யார்?

வெள்ளிக்கிழமை, மாலை 4.40.

"களவு போனது என்ன?"

"எண்பது ஜிபி, சேர்."

துறைமுகப் பொலிஸ் உப பரிசோதகர் ஹிஸ்புல்லா பேனாவை மூடினார். காலையில் ஒரு படகு எஞ்சின், மதியம் இரண்டு பீப்பாய் டீசல். அவற்றையாவது கையால் தொட்டுப் பார்க்கலாம்.

எதிரே இருந்தவர் ஞானசேகரம், ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. நேற்று இரவு ஒன்பது மணிக்கு ரிவியில் மேட்ச் பாதியில் நின்றுவிட்டது. என்னவென்று பார்த்தால், மாதம் முழுக்க வரவேண்டிய வீட்டு இன்டர்நெட் பத்தாம் திகதிக்கு முன்பே காலி. எடுத்தவள் மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் சிவாஜினி. ஞாயிற்றுக்கிழமைக்குள் வெளியேறச் சொல்லிவிட்டார். அவள் மறுக்கிறாள்.

"ரிவி பாத்து முடிஞ்சிருக்கும், ஐயா."

"நான் பாக்கிறது கம்பனியின்ர சொந்தச் செயலியில மேட்ச் மட்டும். அதுக்கு ஜிபி வெட்டுப்படாது. மற்றவன்ர படத்தைப் பாத்தால்தான் வெட்டுவாங்கள்."

மாலை 5.30. உட்துறைமுக வீதி, ஞானசேகரத்தின் வீடு.

சிவாஜினி வேலையிலிருந்து நேரே வந்து நின்றாள். திரியாய்க் கிராமத்துப் பெண், துறைமுக அலுவலகத்தில் எழுதுநர். கண்கள் சிவந்திருந்தன. தொலைக்கல்விப் பட்டத்தின் கடைசி வாய்மொழிப் பரீட்சை ஆறரைக்கு. இணைப்பு இல்லாவிட்டால் ஒரு வருடம் வீண்.

ஞானசேகரம் போனை நீட்டினார். எந்த மணிக்கு எவ்வளவு போனதென்று கம்பனி போட்டிருந்தது: தினமும் பகல் இரண்டிலிருந்து மூன்று, இரவு ஏழிலிருந்து பத்து.

"பகல் நான் ஒபிஸில."

"லப்டொப்பில படம் இறங்க விட்டிட்டுப் போறது."

"லப்டொப் என்னோடதான் வாறது. துறைமுக வாசலில போகேக்கையும் வரேக்கையும் நம்பரோட பதியிறவங்கள்."

ஹிஸ்புல்லா வாசலுக்குப் போன் செய்தார். காவலர் பதிவேட்டைப் புரட்டி வாசித்தார். வேலை நாள் ஒவ்வொன்றிலும் காலை 7.50 உள்ளே, மாலை ஐந்துக்குப் பிறகு வெளியே.

ஞானசேகரத்தின் மனைவி புஷ்பவதி தேநீர் கொண்டு வந்தார். கணவரின் கோபத்தைத் தணிக்கவோ என்னவோ, ரிவியிலும் இப்போது சுகமில்லை என்றார். இரண்டு கிழமையாக மேட்சுக்கு நடுவே விளம்பரம் எல்லாம் சிங்கப்பூர்க் கடைகளாம். நேற்றிலிருந்து அதுவுமில்லை, வட்டம்தான் சுத்துதாம்.

ஹிஸ்புல்லாவின் கையில் கோப்பை நின்றது.

"ஐயா, இந்தச் செயலிக்கு ஜிபி வெட்டுப்படாதுதானே?"

"எத்தினை தரம் சொல்லுறது?"

"அப்ப ஜிபி முடிஞ்சதுக்கு உங்கட மேட்ச் ஏன் நிக்கோணும்?"

ஞானசேகரம் ரிவியைத் திரும்பிப் பார்த்தார்.

"களவைக் கண்டுபிடிச்சதே மேட்ச் நிண்டதாலதான் எண்டு சொன்னனீங்கள். இலவசமான மேட்ச் நிக்க ஏலாது. நிண்டதெண்டால், அதுவும் எண்பதுக்குள்ளதான் ஓடியிருக்கு."

ரிமோட்டை வாங்கி ரிவிப் பெட்டியின் அமைப்புகளுக்குள் போனார். மூலையில் சின்னதாக ஒரு சாவிக்குறி. அருகே 'சிங்கப்பூர்'.

"அன்ரி, இதை ஆர் போட்டுத் தந்தது?"

புஷ்பவதி தட்டைக் கீழே வைத்தார். விசயம் மெல்ல வந்தது. அவர் விரும்பிய தொடர் ஒன்று இந்த நாட்டுக்குக் கிடையாதாம். இரண்டு கிழமைக்கு முன் தங்கை மகன் கஜீபன் வந்தபோது, வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோலக் காட்டும் விபிஎன் ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். பகல் இரண்டு மணிக்கு, கணவர் தூங்கும்போது, சத்தத்தைக் குறைத்துப் பார்ப்பார். தொடர் முடிந்ததும் விபிஎன்னை நிறுத்தவேண்டும் என்று கஜீபனும் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது.

"தொடர் பாத்தால் ஜிபி போகட்டும். மேட்சுக்கு ஏன் வெட்டினவங்கள்?" ஞானசேகரத்தின் குரல் ஏறியது.

"நீங்கள் சுங்கத்தில இருந்தனீங்கள். சீல் வைச்ச கொள்கலன் வருது. உள்ள என்ன எண்டு தெரியாமல் வரிவிலக்குக் குடுப்பீங்களோ?"

"சீச்சீ, ஒருநாளும் இல்லை."

"விபிஎன் எல்லாத்தையும் சீல் வைச்சு அனுப்பும். உள்ள மேட்சோ தொடரோ கம்பனிக்குத் தெரியாது. தெரியாததுக்கு வெட்டுவாங்கள். உங்கட எண்பதைத் தின்றது உங்கட இலவச மேட்ச்."

"நான் என்ன பாக்கிறன் எண்டு அவங்கள் எட்டிப் பாத்தால்தான் இலவசமோ?"

"ஓம். நானும் அந்தப் பக்கேஜ்தான்." ஹிஸ்புல்லா அலுப்புடன் முறைப்பாட்டுத் தாளை நீட்டினார். ஞானசேகரம் வாபஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மணி 6.15.

"அங்கிள், உங்கட போனில டேட்டா இருக்கோ?" என்று சிவாஜினி கேட்டாள்.

"ஏழு மணிக்கு மேட்ச்..."

புஷ்பவதி அவர் கையிலிருந்த போனை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

இரவு 8.05. ஞானசேகரம் இருண்ட ரிவிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். சிவாஜினி இறங்கி வந்து போனை மேசையில் வைத்தாள்.

"பாஸ் எண்டு சொல்லிட்டினம்."

"நல்லது, பிள்ளை. அறையை விடத் தேவையில்லை. நான் கோவத்தில சொன்னது."

"இருக்கிறன், அங்கிள். ஆனால் திங்கட்கிழமை எனக்கெண்டு தனி லைன் எடுக்கிறன். என்ன பாத்தனான், எப்ப பாத்தனான் எண்டு பொலிஸுக்கு முன்னால நிண்டு சொல்ல இனி ஏலாது."

படியேறிப் போனாள். ஞானசேகரம் மனைவியைப் பார்த்தார்.

"அந்தத் தொடர்... என்ன கதை?"

"உங்களுக்குச் சொல்ல மாட்டன்" என்றார் புஷ்பவதி.