இடது மட்கார்டு

உப்பிலியபுரத்தைத் தாண்டி வீரமலையின் தோட்டத்துக்குள் கார் நுழைந்தபோது மதிய வெயில் சாய்ந்திருந்தது. ஆடிக் காற்றில் தென்னை மட்டைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. ஆசீர் இறங்கியதும் கொட்டகைப் பக்கம்தான் பார்த்தான். கூட வந்திருந்த மனைவி சுஜாவையும் மகள் அக்னஸையும் வீரமலையின் மனைவி வள்ளிக்கண்ணு அம்மாள் மோர் கொடுத்து வரவேற்றதுகூட அவன் காதில் விழவில்லை.

பழைய வண்டிகளைத் தேடிப்பிடித்து, எந்த வருஷத்து வண்டி என்று கண்டுபிடித்து, ஓட்டல்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் அலங்காரப் பொருளாகக் கொடுப்பது ஆசீரின் தொழில். போன முறை ஒரு ஜீப்பின் வருஷத்தைத் தப்பாகச் சொல்லி, வாங்கியவர் நாலு பேர் முன்னால் அவனைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். இந்த முறை முக்கொம்பு பக்கம் ஒரு ரிசார்ட்டில் குழந்தைகள் ஏறி விளையாட ஒரு பழைய டிராக்டர் வேண்டும் என்றார்கள். இதுவும் கைவிட்டுப் போனால் மாமனாரின் பாத்திரக்கடையில் போய் உட்கார வேண்டியதுதான். அதை சுஜா ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாததுதான் அவனை அதிகம் உறுத்தியது.

கொட்டகைக்குள் டீசல் வாடை. அதோடு, எங்கிருந்தோ மல்லிகைப்பூ வாசம்.

டிராக்டரின் பேர்ப்பலகை கழன்று போயிருந்தது. நம்பரும் இல்லை, வருஷமும் இல்லை. ஆசீருக்கு அது பெரிய கவலையாகத் தெரியவில்லை. இப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பெயிண்ட் ஒரு சாட்சி, இரும்பு இன்னொரு சாட்சி. இடது மட்கார்டின் ஓரத்தில் பிளேடால் மெல்லச் சுரண்டினான். மேலே சிவப்பு, அடியில் நீலம், அதற்கும் அடியில் வெள்ளை எழுத்துகள். ‘பாப்பாயி 1969.’

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஊர் உலகத்தில் வண்டி வாங்கினால் பிள்ளைகள் பெயரை எழுதுவார்கள். இவர்கள் வாங்கிய வருஷத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள்.

“அறுபத்தொன்பது மாடலுங்க. உங்க வீட்டுப் பெயிண்டரே எனக்கு வேலை இல்லாம பண்ணிட்டாரு” என்றான். வாசலில் நின்ற வீரமலை சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

போன முறை பட்ட அவமானத்தால் ஆசீர் அதோடு விடவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, கம்பி பிரஷ்ஷால் கியர் பெட்டியின் அடிப்பாகத்தைத் தேய்த்தான். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண்களை யாராலும் பெயிண்ட் அடித்து மாற்ற முடியாது. செல்போன் வெளிச்சத்தில் அவை ஒவ்வொன்றாகத் தெளிந்தன. மாதத்துக்கு ஓர் எழுத்து. பிறகு வருஷம், 64.

இரும்பு ஒரு வருஷம் சொன்னது, பெயிண்ட் ஒரு வருஷம் சொன்னது.

குழம்பியபடி எழுந்தவன், மட்கார்டில் மடித்துக் கிடந்த ஒரு பச்சைத் துணியை எடுத்துக் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தான்.

“தம்பி” என்றாள் வள்ளிக்கண்ணு. அவ்வளவுதான் சொன்னாள்.

அவன் கையிலிருந்தது கந்தைத்துணி இல்லை. புதுப் பாவாடை. ஐந்து வயதுப் பெண்குழந்தைக்கு அளவெடுத்தது, ஓரத்தில் ஜரிகை வைத்தது. அதன் மடிப்புக்குள் இருந்த மல்லிகைச் சரம் அவன் காலடியில் விழுந்தது. பச்சைத் துணியில் அவனுடைய நாலு விரல்களும் கறுப்பாகப் பதிந்திருந்தன.

அதன்பிறகுதான் அவர்கள் சொன்னார்கள். வீரமலையின் தங்கச்சி பாப்பாயி பிறந்த வருஷம் இந்த வண்டி வந்தது. அப்பா உழும்போதெல்லாம் அவள் இடது மட்கார்டில்தான் உட்காருவாள். ஒருநாள் வரப்பு ஏறும்போது வண்டி குலுங்கியது. அவள் விழுந்தாள். 1969 வண்டி வாங்கிய வருஷம் இல்லை. அன்றுமுதல் அவள் அந்த வீட்டுக் கன்னி தெய்வம். ஒவ்வொரு ஆடியிலும் அவளுக்குப் புதுப் பாவாடை வைத்துப் படைப்பார்கள்.

ஆசீருக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பாவாடையை மடித்து வைக்கப் போனான். மட்கார்டின் இரும்பு, நிழலில் கிடந்த இரும்பு, வெதுவெதுப்பாக இருந்தது.

இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி.

வண்டியைக் கொடுப்பதில் தனக்கு மனத்தடை இல்லை, ஆனால் அவளைக் கேட்காமல் கொடுக்க முடியாது என்றார் வீரமலை. பூ கட்டிப் பார்க்கலாம். ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் சம்மதம். வீட்டு ஆட்கள் கட்டக் கூடாது.

“நீங்களே கட்டுங்க தம்பி. உங்க பாப்பா எடுக்கட்டும். எங்களுக்கு நம்பிக்கை இருக்கு.”

ஆசீர் அரளிச் செடிகளுக்குப் பின்னால் போனான். ரிசார்ட்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. பாத்திரக்கடையின் முக்காலி நினைவுக்கு வந்தது. விரல்கள் தாமாகவே வேலை செய்தன. ஒரு தாளில் வெள்ளைப்பூ. மறு தாளிலும் வெள்ளைப்பூ.

நிமிர்ந்தபோது கிணற்றடியில் சுஜா நின்றுகொண்டிருந்தாள். அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்விட்டாள்.

அக்னஸ் எடுத்த பொட்டலத்தில் வெள்ளை இருந்தது. வள்ளிக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாவாடை மட்கார்டிலேயே இருக்கட்டும், பாப்பாயியோடு போகட்டும் என்றாள். மீதிப் பொட்டலத்தை யாரும் பிரித்துவிடாமல் ஆசீர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். வீரமலை அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அந்தக் கை காய்ப்புக் காய்த்து, சூடாக இருந்தது. உதறிவிட்டு ஓடலாம் போலிருந்தது ஆசீருக்கு.

துறையூரிலிருந்து வந்த லாரி டிராக்டரை ஏற்றிக்கொண்டு முன்னால் போக, கார் பின்னால் போனது. சுஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பின் ஸீட்டில் அக்னஸ் மட்டும் யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டே வந்தாள்.

“யாருகூடடா பேசுற?”

“அவளுக்குக் காத்து ஜாஸ்தியா இருக்காம்ப்பா.”

மண்ணச்சநல்லூருக்கு முன்னால், இருட்டத் தொடங்கிய நேரத்தில் லாரி சட்டென்று ஓரங்கட்டியது. டிரைவர் ஜெகபர் அலி இறங்கி வந்தார். அவருடைய உதடு வறண்டிருந்தது.

“என்ன சார் நீங்க. புள்ளைய மேல உக்கார வச்சு அனுப்பியிருக்கீங்க. கண்ணாடியில பார்த்ததும் எனக்கு உசிரே போயிடுச்சு. மொதல்ல இறக்குங்க.”

ஆசீர் நிமிர்ந்து பார்த்தான். கயிறு போட்டுக் கட்டிய டிராக்டர். காலி மட்கார்டு.

காற்று நின்றிருந்தது.

ஆனால் பாவாடையின் ஓரம், யாரோ காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

சுஜா காரிலிருந்து இறங்கி அவன் அருகில் வந்தாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

“பாக்கெட்டுல இருக்கிறதப் பிரிங்க.”

“சுஜா...”

“நான் பார்த்தேன். அங்கேயே சொல்லாம வந்த எனக்கும்தான் வெக்கமா இருக்கு. பிரிங்க.”

தன் கையால் கட்டிய பொட்டலம். தன் கையால் வைத்த வெள்ளைப்பூ. ஹெட்லைட் வெளிச்சத்தில் பிரித்தான்.

சிவப்பு அரளி.

ஆசீர் ஜெகபர் அலியிடம் லாரியைத் திருப்பச் சொன்னான். தோட்டத்துக்குத் திரும்பியதும் இரண்டு பேர் முன்னாலும் நின்று நடந்ததைச் சொன்னான். திட்டுவார்கள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தேவலை. வீரமலை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இத்தன வருஷத்துல அவ எதையும் வேணாம்னு சொன்னதில்ல தம்பி. இன்னிக்குத்தான் சொல்ல வந்திருக்கா. நீங்க சொல்ல விடல.”

டிராக்டர் கொட்டகைக்குள் பழைய இடத்தில் நின்றது. வள்ளிக்கண்ணு பாவாடையை ஆசீர் கையிலேயே கொடுத்து வைக்கச் சொன்னாள். தன் விரல் கறை உள்பக்கம் போகும்படி மடித்து, இடது மட்கார்டில் வைத்தான். வைத்ததை சுஜாவும் பார்த்தாள். கொட்டகைக் கதவை வீரமலை பூட்டினார்.

ஸ்ரீரங்கத்துக் கோபுர விளக்குகள் தெரிந்ததும்தான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது. காவிரிப் பாலத்தில் சுஜா அவன் தோளில் கை வைத்தாள். நாளைக்கு அப்பாவிடம் தானே பேசுவதாகச் சொன்னாள். கடையில் உட்காருவதில் கேவலம் ஒன்றுமில்லை என்றாள். அவன் தலையாட்டினான்.

பாலக்கரையில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, தூங்கும் மகளைத் தூக்கப் பின் கதவைத் திறந்தான். அக்னஸ் வலது ஓரமாக ஒடுங்கிப் படுத்திருந்தாள். இடது பக்கம் காலியாக இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்து ஸீட் பெல்ட் இழுத்து மாட்டப்பட்டிருந்தது.

“யாருடா இதை மாட்டினது?”

அக்னஸ் கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

“நான்தாம்ப்பா. அவ மறுபடி விழுந்துடக் கூடாதுல்ல.”

காருக்குள் மெல்ல டீசல் வாடை எழுந்தது. பெல்ட்டுக்கு அடியில், ஸீட்டின் மேல், ஒரு பச்சைப் பாவாடை மடித்து வைத்திருந்தது. கறைபட்ட பக்கம் இந்த முறை வெளியே இருந்தது. அதில் நாலு விரல்கள் கறுப்பாகப் பதிந்திருந்தன.

அவனுடைய விரல்கள்.