பின்பெட்டியில் யாருமில்லை

"காலிப் பெட்டி இப்படி அமுங்கக் கூடாது, எனிட்," என்றான் கிளிஃப்.

எனிட் ட்ராமின் பின்கண்ணாடி வழியே பார்த்தாள். கொக்கியில் மாட்டிய இன்னொரு பெட்டி ஆடி ஆடிப் பின்னால் வந்துகொண்டிருந்தது. பக்கச்சுவர் இல்லாத கோடைப் பெட்டி. குறுக்கே மரப் பெஞ்சுகள், மேலே ஒரு கூரை, அவ்வளவுதான். ஓர் ஆளும் இல்லை.

"அடியில இருக்கற சுருள்வில்லைப் பாரு. ஞாயித்துக்கிழமைக் கூட்டம் மொத்தமும் ஏறின மாதிரி படிஞ்சு கிடக்கு."

"துருப் பிடிச்சிருக்கும், உன்னை மாதிரி."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் கடல் தாண்டி இந்தத் தீவுக்குக் கூட்டி வந்திருந்தாள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் அவன் நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். அதற்குமுன் மேன் தீவின் பழைய ரயில், ட்ராம் அத்தனையிலும் ஏறிவிட வேண்டும் என்று பிடிவாதம். நீராவி ரயில் ஆயிற்று, கடலோரம் குதிரை இழுக்கும் ட்ராம் ஆயிற்று, மலை ரயிலும் ஆயிற்று. "அப்பாவை முழுசாக் கொண்டுவந்து சேர்க்கறேன்" என்று மகளிடம் சொல்லியிருந்தாள் எனிட்.

பாக்கி இந்தத் திறந்த பெட்டிதான். இன்றோ பருவத்தின் கடைசி ஓட்டம். இனி குளிர்காலம் முழுக்க வண்டிகள் மேலே கொட்டகையில் கிடக்கும்.

ஏறும்போதே, அதில் உட்காரலாமா என்று கண்டக்டர் கிஸ்ஸாக்கிடம் கிளிஃப் கேட்டுப் பார்த்தான்.

"இன்னிக்கு மட்டும் வேணாம் சார். அது அவங்களுக்கு."

"எவங்களுக்கு?"

"கோடை பூரா கடலோரம் இருந்துட்டு இன்னிக்கு மேல போறவங்களுக்கு. நாங்க இழுத்துட்டுப் போய் விடுவோம், அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம்."

முன்வரிசையில், புகையில் வாட்டிய மீன் பொட்டலத்தை மடியில் வைத்திருந்த உள்ளூர்க்கார மிசஸ் ஃபாரகர் தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "பேரைக் கேட்காதீங்க. இங்க அவங்களை அவங்கன்னுதான் சொல்றது."

கிளிஃப் எனிட்டைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஊரைத் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. கடலிலிருந்து எழுந்து, வேலிப் புதர்களை ஒவ்வொன்றாக விழுங்கி, ஜன்னல் இடுக்கு வழியே ஈரமும் அழுகிய பாசி நாற்றமுமாக உள்ளே வந்து, மீன் புகையோடு கலந்து அவள் தொண்டையில் படிந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் வண்டி நின்றது. ஏற யாருமில்லை. ஆனாலும் கிஸ்ஸாக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, குழந்தை குட்டிகளோடு ஒரு குடும்பம் ஏறி உட்காரும் நேரம்வரை தரையைப் பார்த்துக் காத்திருந்தார். பின்னாலிருந்து மரம் முனகியது. பிறகு மணி அடித்தார்.

அடுத்த நிறுத்தத்தில் அவர் ஓட்டுநரிடம் பேசப் போனபோது கிளிஃப் எழுந்தான்.

"ஒரே ஒரு நிறுத்தம், எனிட். காட்டிக் குடுத்துடாதே."

"கிளிஃப், வேணாம். குளிரு."

"அடுத்த வாரம் நான் இருப்பேனோ என்னமோ."

அதைச் சொன்னால் அவளால் மறுக்க முடியாதென்று அவனுக்குத் தெரியும். பனிக்குள் இறங்கினான். நொடியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், முதல் பெஞ்சின் நடுவில் அவன் முகம். உதட்டில் விரல். பள்ளிக்கூடத்திலிருந்து கம்பி நீட்டிய பையன் போல ஒரு களிப்பு.

வண்டி நகர்ந்தது. கிஸ்ஸாக் வந்து, பின்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"சார் எங்கம்மா?"

அவளுக்குக் காது சூடேறியது. வயதான காலத்தில் திட்டு வாங்க வேண்டுமா?

"இறங்கிட்டாரு. படம் எடுக்கணுமாம். நடந்து வந்துடுவாரு."

"இந்தப் பனியிலயா?"

"சொன்னாக் கேட்கற ஆளா அவரு?"

"பின்னால யாருமில்லையே? நான் திரும்பிப் பார்க்கறதில்லை. அதனாலதான் கேட்கறேன். பாலத்துக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

மிசஸ் ஃபாரகர் பொட்டலத்தை இறுகப் பிடித்தாள்.

"யாருமில்லை," என்றாள் எனிட்.

பாலம் வந்தது. சக்கரங்கள் சட்டென்று அடியில் ஒன்றுமில்லாததுபோல் ஒலித்தன. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். கிஸ்ஸாக் தொப்பியை நெஞ்சில் வைத்து, பக்கத்து வீட்டாரிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்:

"வணக்கம். முன்னால இருக்கறவங்க எங்களவங்க. பின்னால இருக்கறதெல்லாம் உங்களுது."

"உங்களுது," என்றாள் மிசஸ் ஃபாரகர்.

எனிட் கண்ணாடியைப் பார்த்தாள்.

கிளிஃப் சிரிக்கவில்லை. பெஞ்சின் நடுவில் உட்கார்ந்திருந்தவன் தோளைக் குறுக்கியிருந்தான். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருந்தன. இருபுறமும் ஆள் நெருக்குவது போல. இருபுறமும் வெறும் பலகை.

"ஐயா," என்றாள். "ஐயா. அவரு பின்னால இருக்காரு."

கிஸ்ஸாக்கின் முகம் வெளுத்தது. அப்போதும் திரும்பவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை. பேரைச் சொல்லி நம்மாளுன்னு கேட்டிருப்பேனே."

"இப்ப கேளுங்க!"

"குடுத்தாச்சேம்மா."

"வண்டியை நிறுத்துங்க!"

"நிறுத்தினா அவங்க இந்த வண்டியிலயும் ஏறுவாங்க."

அவள் மணிக்கயிற்றை எட்டிப் பிடித்தாள். மிசஸ் ஃபாரகர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பற்றினாள். மீன் வாடை அடிக்கும் குளிர்ந்த கை. அவளும் அழுதுகொண்டிருந்தாள். விடவில்லை.

கடகடவென்று ஒரு சத்தம். கொக்கி தானாகக் கழன்றது.

முன்வண்டி முன்னே உருண்டு நின்றது. பின்பெட்டி ஏற்றத்தில் பின்னோக்கி உருளவில்லை. நின்றது. பிறகு, மோட்டார் இல்லாத அந்தப் பெட்டி, தண்டவாளமே இல்லாத பக்கம் திரும்பியது. மலைச்சரிவில் ஏறியது. மெதுவாக. சத்தமில்லாமல்.

எனிட் கையை உதறி, கதவைத் திறந்து குதித்தாள். ஈரப் புல். பனி. ஓடினாள்.

"கிளிஃப்! குதி! குதி, கிளிஃப்!"

அவன் திரும்பினான். அவளைத் தெரிந்தது அவனுக்கு. கண்ணில் நீர் வழிந்தது. எழ முயன்றான். முடியவில்லை. மடியில் ஏதோ கனமாக உட்கார்ந்திருந்தது போல அவன் கோட்டுத் துணி தொடைமேல் தட்டையாக அழுந்திக் கிடந்தது. நெஞ்சுப் பொத்தான்கள் உட்புறமாகப் பதிந்திருந்தன, ஒரு சின்னத் தலை அங்கே சாய்ந்ததுபோல.

பெட்டி பனிக்குள் நுழைந்தது. கடைசியாகத் தெரிந்தது அவன் வலது கை மட்டும். அது அவன் விருப்பமில்லாமல் மேலெழுந்து, வெறும் காற்றில், தூங்கவைக்க ஒரு குழந்தையின் முடியைக் கோதுவதுபோல் மெல்ல மெல்லக் கோதிக்கொண்டிருந்தது.