முதுகில் கண் வைத்த ஊர்

காலையில் கண் விழித்ததும் பவளக்கொடி போனை எடுத்து, "பல் தேய்க்கக் கிளம்புறேன்" என்றாள்.

"இரு, போர்வையை உதறிக்கிறேன். ம், இப்ப போ" என்றது மறுமுனை.

அவள் கிழக்கே நடந்தாள். அதே வேகத்தில், ஊரின் மறுகோடியில், மாசிலாமணி மேற்கே நடந்தான். அவனுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் வாய் கொப்பளித்துத் திரும்பியதும் அவனும் திரும்பினான்.

அந்த ஊரில் இதற்கு ஈடுநடை என்று பெயர். ஒருவர் கிழக்கே போனால் அவருடைய ஈடாள் மேற்கே போக வேண்டும். இல்லாவிட்டால் ஊர் சாய்ந்து, அடுத்த வீட்டு சாம்பார் நம் வீட்டுக்கு வந்துவிடும்.

ஊர் எப்படிச் சாயும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். வியாழனைச் சுற்றும் யூரோப்பா என்ற நிலவில், பனித்தரைமேல் கண்ணாடிக் கூரையோடு ஒரு தட்டுபோலக் கிடந்தது அந்த ஊர். அதைக் கட்டியவர்கள் ஒரு காலத்தில் பூமியில் கைப்பேசி செய்துகொண்டிருந்தவர்கள். கை பழகிய தோஷம், ஊரின் முதுகிலும் நட்டநடுவே மேடாக ஒரு கேமராவை வைத்துவிட்டார்கள். அதன் பெயர் அடிக்கண். அந்த மேட்டின்மேல் நின்றதால் ஊர் எடை கூடிய பக்கம் சாய்ந்தது. மல்லாந்து கிடக்கும் ஊருக்கு முதுகில் கண் இருந்தால் அது எதைப் பார்க்கும்? பனியைப் பார்த்தது. ஓயாமல் படம் எடுத்தது. எல்லாப் படமும் கறுப்பு. யாரும் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. ஆனால் அழிக்கவும் யாருக்கும் மனம் வரவில்லை.

விளக்கு பொத்தானுக்கு நேர் எதிரே கதவு பொத்தானை வைத்ததும் அவர்கள்தான். ஒன்றைப் பிடித்து அழுத்தினால் மற்றதும் அழுந்தும். தூங்கப் போகிறவர்கள் எல்லாரும் ஒருமுறை தெருவுக்குத் தரிசனம் கொடுத்துவிட்டுத்தான் தூங்கினார்கள்.

ஆனால் தூக்கம் அருமையான தூக்கம். அங்கே ஈர்ப்பு குறைவு. எத்தனை ஈடுநடை நடந்தாலும் மிச்சமிருக்கும் ஆட்டம், தண்ணீருக்கடியில் தொட்டில் ஆடுவதுபோல மெதுவாக இருக்கும். கூரைக்கு மேலே வியாழன் ஒரு பக்கம் இறங்கி, யோசித்து, மறுபக்கம் ஏறும். எல்லாருக்கும் ஓடம்தான் கனவில் வந்தது.

ஜாதகம் பார்ப்பதுபோல அங்கே எடை பார்த்து ஈடாள் ஒதுக்குவார்கள். பவளக்கொடி ஒரு லட்டு கூடச் சாப்பிட்டால் மாசிலாமணியும் சாப்பிட்டாக வேண்டும். இப்படி லட்டு லட்டாக வளர்ந்த பழக்கம் காதலாகிவிட்டது. கல்யாணம் செய்துகொண்டால் இருவரும் ஒரே வீட்டில் இருப்பார்கள், எதிர்ப்பக்கம் யார் நடப்பது? ஊரில் உதிரி ஆள் கிடையாது.

ஊரைக் கட்டிய நிறுவனத்தின் அதிகாரி வேதாசலத்திடம் முறையிடப் போனார்கள். அலுவலகம் நடுக்கோட்டில், அடிக்கண்ணுக்கு நேர் மேலே இருந்தது. மேற்கு ஜன்னலில் அவன், கிழக்கு ஜன்னலில் அவள். நடுவில் பனிக்கண்ணாடித் தடுப்பு. குரல் கேட்கும், முகம் தெரியாது. வேதாசலம் சுழல் நாற்காலியில் இருபுறமும் திரும்பித் திரும்பிப் பதில் சொன்னார்.

"ஊர் ஆடுதுன்னு யார் சொன்னது? என் டீ தளும்பவே இல்லையே."

"நீங்க நடுவுல உக்காந்திருக்கீங்க சார்."

"நீங்க நிக்கிற விதம் சரியில்லை தம்பி."

"பனியில ஒரு குழி வெட்டி, அந்த மேட்டை உள்ளே இறக்கிட்டா ஊர் சமமா உக்காந்துடுமே சார்?" என்றாள் பவளக்கொடி.

நாற்காலி சட்டென்று அவள் பக்கம் சுழன்றது. "கண்ணை மறைக்கிறதா? பக்கத்து ஊர்க்காரன் இதைப் பழைய மாடல்னு நினைச்சுட மாட்டான்?"

இருவரும் ஒரே வேகத்தில் அவரவர் கோடிக்குத் திரும்பினார்கள்.

சில மாதங்கள் இப்படியே ஆடிக் கழிந்தன. பிறகு ஒருநாள் நிறுவனம் புதிய ஊரை அறிவித்தது. அதன் முதுகில் மூன்று கண்கள். முன்பதிவு மேற்குக் கோடியில். அலுவலகக் கதவுகள் இருபுறமும் திறந்துவிடப்பட்டன. ஈடுநடையாவது ஒன்றாவது! பவளக்கொடியைத் தவிரக் கிழக்குக்காரர்கள் அத்தனை பேரும் மேற்கே ஓடினார்கள். ஊர் சாய்ந்தது. மக்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி வரிசையில் நின்றார்கள்.

"இன்னிக்கு நடையை யாரும் பார்க்க மாட்டாங்க. ஏறி வந்துடுங்க" என்று மாசிலாமணியிடம் போனில் கெஞ்சினாள் பவளக்கொடி. உயர்ந்துகொண்டே போன கிழக்கு விளிம்பில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவன் வரவில்லை. கூட்டம் கலைந்தால் ஊர் சமமாகிவிடும், பிறகு இப்படி ஒரு நாள் வாய்க்காது. வியாழன் அவள் மடிக்கே வந்துவிடும்போலச் சிவந்து தாழ்ந்தது.

கடைசியில் மூச்சிரைக்க அவன் வந்து சேர்ந்தான். ஒருவரையொருவர் முதல் முறையாகப் பார்த்துக்கொண்டார்கள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவன் அவள் கையை எடுத்தான். வருடக்கணக்காகப் போனைத் தாங்கித் தாங்கி அவள் சுண்டுவிரலில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவனுக்கும் அதே இடத்தில் அதே பள்ளம்.

"இதெல்லாம் நான் பேசினதா?" என்றான்.

"பாதி நான் பேசினது" என்றாள். "ஏன் இவ்வளவு நேரம்?"

"பதிவை லேட்டாத்தான் திறந்தாங்க. வரிசையில முதல் ஆள் நான்தான். மேற்குக்காரன் இல்லையா? நம்ம ரெண்டு பேருக்கும் பதிவு பண்ணிட்டேன்."

"அங்கேயாவது ஒரே வீடா?"

அவன் தலை குனிந்தான். "அது மூணு திசையில ஆடுமாம். அங்கேயும் நீ ஒரு கோடி, நான் ஒரு கோடி."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். கீழே கூட்டம் கலையத் தொடங்கியது. விளிம்பு மெல்ல இறங்கியது. அவன் ஓடியாக வேண்டிய நேரம். அவள் கண் கலங்கி அவனைப் பார்த்தாள்.

"புது ஊர் என்ன கலர்?" என்றாள்.