நிலாவை மறைத்த பிறகு

படம் முழுக்கக் காய்ந்துவிட்டது, அந்த ஒரு புள்ளியைத் தவிர.

எண்ணெய்ச் சாயம் ஆற அமரத்தான் காயும் என்று ஓவியக்காரிக்குத் தெரியாதா என்ன? ஆனால் நிலா, அலை, நிலாவிலிருந்து தண்ணீர்மேல் கரைவரை நீண்டு வரும் வெள்ளிப் பாதை எல்லாம் விரலில் ஒட்டாமல் காய்ந்திருக்க, அந்தப் பாதையின் தொலைவான முனையில் மிளகளவு கறுப்பு மட்டும் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. அதை அவள் வைக்கவே இல்லை. கத்தியால் சுரண்டி எடுத்தாள். சாயம் கரைக்கும் டர்பன்டைன் நெடியையும் மீறி உப்பு வாடை மூக்கில் ஏறியது.

மறுநாள் காலையில் அது பாதையின் நடுவில் இருந்தது. நெல்லிக்காயளவு. தலையும் தோளுமாக.

"படகு போடலாம்னு நீயே வச்சிருப்ப, மறந்துட்ட," என்றான் கணவன், செருப்பை மாட்டிக்கொண்டே. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். போய் வேலையப் பாரு."

படத்துக்கு அடியில் பொம்மையோடு உட்கார்ந்திருந்த மகள் நிமிரவில்லை. "படகு இல்லப்பா. அது என்னக் கூப்பிடுது."

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். இவள் மகளை அடுத்த அறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள்.

சுரண்டினால் கிட்டே வருகிறது. பாதை இருந்தால்தானே வரும்? நிலாவின்மேல் மேகத்தை அப்பினாள். வெள்ளிப் பாதையைக் கறுப்பால் இழுத்து மூடினாள். ஜன்னல் வழியே உச்சி வெயில் அடித்தும் படத்தின் கடலில் பொட்டு வெளிச்சம் இல்லை. அப்பாடா என்று தூரிகையைப் போட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. இதுவரை அது கண்ணிலாவது பட்டுக்கொண்டிருந்தது. இப்போது எங்கே இருக்கிறது?

துணியால் துடைத்தாள். கறுப்புக்கு அடியிலும் கறுப்பு. எல்லாமே ஈரம். எது தான் பூசியது, எது அதனுடையது?

டர்பன்டைன் எடுக்கச் சமையலறைக்கு ஓடினாள். திரும்பினாள்.

அடுத்த அறைக் கதவு திறந்திருந்தது. மகள் படத்தின் முன்னால் நின்றாள்.

"அம்மா, கை ஜில்லுனு இருக்கு."

சட்டத்தின் கீழ் விளிம்பைத் தாண்டி, கறுத்த விரல்கள் நான்கு வெளியே மடங்கியிருந்தன. மகளின் கை மணிக்கட்டுவரை உள்ளே இருந்தது.

புட்டி விழுந்து உடைந்தது. மகளை இடுப்போடு கட்டி இழுத்தாள். வரவில்லை. கத்தினாள்.

"விடும்மா," என்றாள் மகள். "நீ இழுத்தாத்தான் வலிக்குது."

முழங்கைவரை போயிருந்தது.