தக்னிபோவின் பாதிப் பங்கு

தேசிய வரி வருவாயிலிருந்து தக்னிபோத் தீவின் ஊராட்சிக்கு வரும் பங்கு அவ்வாண்டு பாதியாகக் குறைந்திருந்தது. ஊராட்சித் தலைவி பெலிசித்தாஸ் அதைத் திருட்டு என்றே கருதினார். ஓய்வுபெற்ற தணிக்கையாளர் ஒனோரியோவின் வீட்டுக்கு வந்தவர், காட்டிய நாற்காலியில் அமரவில்லை. நோயாளிகளைக் கரைசேர்க்கும் தீவின் விசைப்படகு, எண்ணெய்க்கு வழியின்றி மணலில் கிடந்தது. பெலிசித்தாசின் மருமகள் அனலீசாவுக்கோ நிறைமாதம்; சென்ற முறை நடுக்கடலிலேயே பிள்ளையைப் பறிகொடுத்தவள்.

"பங்கு தலைக்கணக்குப்படிதான் வருதுய்யா. எங்களுக்குக் குறைஞ்சிருக்கு, எதிர்க்கரை மாலித்தோங்குக்குக் கூடியிருக்கு. அந்த ஊர்த் தலைவன் தியோதுலோ கூடைப்பந்துத் திடலுக்குக் கூரையே போட்டுட்டான். தலை எண்ண வந்தவனைப் பன்றிக்கறி போட்டே வளைச்சிருப்பான்."

ஒனோரியோவின் உதவியாளர் மரிவிக் அக்கணமே மனத்துக்குள் தியோதுலோவைச் சிறைக்கு அனுப்பிவிட்டாள். ஒனோரியோ கேட்டது ஒன்றுதான்: கணக்கெடுப்பாளர் தீவுக்கு வந்தாரா? சென்ற மே மாதம் வந்துபோனதாகக் கேள்வி என்றார் பெலிசித்தாஸ். அப்போது தாம் ஊரில் இல்லையாம்.

மறுநாள் மூவரும் தீவில் வீடு வீடாக நடந்தனர். எண்ணி முடித்த வீட்டுக் கதவில் ஒட்டப்படும் வில்லை பாதிக் கதவுகளில் இல்லை. சோம்பேறி அரைகுறையாகச் சுற்றியிருக்கிறான் என்றாள் மரிவிக்.

"சோம்பேறி, படகுத்துறைப் பக்கத்து வீட்டை விட்டுட்டு மேட்டு வீட்டுக்கு ஏறுவானாம்மா?" என்றார் ஒனோரியோ.

வில்லை இருந்த வீடுகளுக்குள் அவர் எட்டிப் பார்த்தார். ஒன்றில் பக்கவாதக் கிழவர். அடுத்ததில் கண் தெரியாத மூதாட்டி. இன்னொன்றில் தவழும் குழந்தை, மே மாதத்தில் பிறந்ததாம். வேறு எதையும் அவர் விசாரிக்கவில்லை.

அங்கிருந்து படகேறி மாலித்தோங்குக்குச் சென்றனர். தியோதுலோவின் மனைவி சோலிங், சோறு பரிமாறும் முன் எவரையும் வாய்திறக்க விடவில்லை. வம்புக்கு வந்த பெலிசித்தாசுக்கும் பெரிய மீன் துண்டே விழுந்தது. உண்டுகொண்டே ஒனோரியோ, வீட்டில் எத்தனை பேர் என்று சோலிங்கிடம் கேட்டார்.

"ஒன்பது பேர்ங்கய்யா."

மரிவிக் பந்தியைப் பார்த்தாள். வீட்டார் அறுவர், வந்தவர் மூவர்.

ஒனோரியோ கைகழுவினார். "மே மாசம் இந்த ஊர்க் கோயில்ல திருவிழா. தீவுல கோயில் இல்ல. நடக்க முடிஞ்சவங்க எல்லாம் இங்க வந்து ஒன்பது நாளும் தங்கினாங்க. நகர முடியாதவங்க இருந்த வீடுகள்லதான் அங்க வில்லை இருக்கு. மத்ததெல்லாம் பூட்டிக் கிடந்திருக்கு. அந்த வாரம் இந்தக் கரையில எண்ணினவர், வீட்டுக்கு வீடு இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்."

"எங்க பந்தியில உட்கார்ந்தவங்களை விருந்தாளின்னு பிரிச்சுச் சொல்ல நாக்கு வருமா? எல்லாரும் எங்க வீடுதான்னேன். பேர், வயசு கூடச் சொன்னேன்," என்றார் சோலிங், குற்றம் எது என்று புரியாமலே.

தியோதுலோ தட்டை நகர்த்தினார். கூடி வந்த பணம் முழுவதும் கூரையில் போய்விட்டது என்றும், அது யாருடையது என்று தமக்குத் தெரியாது என்றும் தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் சொன்னது பொய்யன்று.

"மறுபடி எண்ணச் சொல்லலாமில்ல?" என்று கேட்டார் பெலிசித்தாஸ்.

"ஆட்சேபிக்கிற கெடு முடிஞ்சிருச்சும்மா. அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும் இந்த எண்ணிக்கைதான். திருடன் இருந்தா வழக்காவது போடலாம்," என்றார் ஒனோரியோ.

வெளியே காற்று திசைமாறியிருந்தது. இன்னும் சில நாட்களில் சிறு படகுகள் கடலில் இறங்கா. மருமகளுக்கு நிறைமாதம் என்பதைப் பெலிசித்தாஸ் அப்போதுதான் சொன்னார்.

"அந்தப் பொண்ணை இன்னைக்கே இங்க கூட்டிட்டு வா தங்கச்சி. பிள்ளை பொறக்கறவரைக்கும் அவ எங்க வீட்டுப் பொண்ணு," என்றார் சோலிங்.

பெலிசித்தாஸ் மறுத்துவிடுவார் என்று மரிவிக் எதிர்பார்த்தாள். அவரோ தட்டில் மிஞ்சிய மீனை உண்டு முடித்தார்.

"சரிக்கா," என்றார்.

தீவின் மற்ற நோயாளிகளை யார் வீட்டுக்கு அனுப்புவது என்று அவர் கேட்கவில்லை. பந்தியில் இருந்த எவரும் கேட்கவில்லை.